சொன்ன நாளிலிருந்து பொறுப்பு அவர்களுடையது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலைத் தமிழ் வகுப்பு முடிந்ததும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்கள் சற்று நேரம் நின்று பேசுவார்கள். மார்ச் மாதம் ஒருநாள், தங்கையைக் கூட்டிப்போக வந்த ஓர் இளம்பெண் எல்லாரும் கலையும்வரை காத்திருந்தாள். பிறகு பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக, "அக்கா, ஒண்ணு கேக்கணும். இது சட்டப்படி தப்பா, இல்ல நான்தான் பெருசு பண்றேனா?" என்றாள்.

அவளுக்கு ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. சூப்பர்வைசர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார். முதலில் மறுநாள் ஷிஃப்ட் பற்றி இருக்கும். அப்புறம் அவள் அன்று போட்டிருந்த சட்டையைப் பற்றி. ஒருநாள், படம் எடுத்து அனுப்பு என்று கேட்டார். அவள் பதில் போடவில்லை. மார்ச் 14 அன்று ஓவர்டைம் பட்டியல் ஒட்டியபோது அதில் அவள் பெயர் இல்லை. (அவளை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவள் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

அவள் எதையும் பெரிதுபடுத்தவில்லை. அவளுக்கு நடந்தது சட்டப்படி தவறு. ஒன்றல்ல, இரண்டு தவறுகள். அது ஏன், அதற்கு என்ன செய்யலாம் என்று அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. டர்பனில் பல வருடம் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். அதில் ஆறு வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதியாக, இங்கே ஷாப் ஸ்டூவர்ட் என்பார்கள், சக தொழிலாளர்களோடு விசாரணைகளில் உட்கார்ந்தேன். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் நம் கதை வேலையிடத்தில்தான் தொடங்கியது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்தவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் பெரும்பாலும் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகள். 1894-ல் பாலசுந்தரம் என்ற தமிழர், முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி டர்பனில் இளம் வழக்கறிஞராக இருந்த காந்தியின் அலுவலகத்துக்குப் போய் அழுதார். அங்கே இருந்த தமிழ்க் குமாஸ்தாதான் அவர் சொன்னதைக் காந்திக்கு எடுத்துச் சொன்னார். காந்தி முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பி, காயத்துக்கு ஒரு சான்றிதழ் வாங்கினார். அதன் பிறகுதான் நீதிபதியிடம் போனார்கள்.

அன்றைய சட்டப்படி, ஒப்பந்தத் தொழிலாளி முதலாளியை விட்டுப் போவதே குற்றம். புகார் சொல்வதற்காக அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டினாலும் பிடித்து உள்ளே போடலாம். பாலசுந்தரத்துக்குக் கிடைத்த அதிகபட்ச நிவாரணம், வேறொரு முதலாளியிடம் மாற்றப்பட்டதுதான். சொல்வதற்கே தண்டனை இருந்த காலம் அது. "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு அந்தக் காலத்தில் காரணம் இருந்தது. இன்று சட்டம் தலைகீழாக இருக்கிறது. இன்று நீங்கள் சொன்னால்தான் சட்டம் அசையத் தொடங்கும். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது அதைத்தான்.

பாகுபாடு என்றால் என்ன

1996-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்தில் 9-ஆவது பிரிவு சமத்துவம் பற்றியது. அதை வேலையிடத்துக்குக் கொண்டுவருவது 1998-ல் வந்த 55-ஆம் எண் சட்டம், வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். அதன் 6-ஆவது பிரிவை ஒருமுறையாவது எல்லாரும் படித்துவிட வேண்டும். இனம், நிறம், பாலினம், கர்ப்பம், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு, இன அல்லது சமூகப் பின்னணி, பாலீர்ப்பு, வயது, மாற்றுத்திறன், மதம், எச்ஐவி தொற்று, மனசாட்சி, நம்பிக்கை, அரசியல் கருத்து, பண்பாடு, மொழி, பிறப்பு ஆகிய எதையும் காரணமாக வைத்து ஒருவரை நியாயமில்லாமல் வேறுபடுத்தி நடத்தக்கூடாது என்கிறது அது. 2014-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியலில் இல்லாத வேறு தன்னிச்சையான காரணத்தையும் இதில் சேர்த்தது. ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஒரே ஊதியம் என்பதும் அந்தத் திருத்தத்தில்தான் தெளிவாக எழுதப்பட்டது.

வேலைக்கு விண்ணப்பம் போட்டவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நேர்காணலில் "கல்யாணம் ஆகிடுச்சா, எப்போ குழந்தை பெத்துக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, அதை வைத்து வேலை இல்லை என்று அனுப்பினால் அது இந்தச் சட்டத்தை மீறுவது. எச்ஐவி இருக்கிறது என்பதால் விமானப் பணியாளர் வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுக்கும்படி 2000-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தென்னாப்பிரிக்க ஏர்வேஸுக்கு உத்தரவிட்டது. அவர் அந்த நிறுவனத்தில் ஒருநாள்கூட வேலை பார்த்திருக்கவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று இருக்கிறது. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு தமிழ் மாணவி மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்தாள். பள்ளி விதி அதை அனுமதிக்கவில்லை. அம்மா விடவில்லை. சமத்துவ நீதிமன்றத்தில் தோற்று, உயர் நீதிமன்றத்தில் வென்று, கடைசியில் 2007-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. அந்தக் குடும்பப் பெயரால் 'பிள்ளை வழக்கு' என்று இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மூக்குத்தி மதக் கட்டாயமா, இல்லை வெறும் வழக்கமா என்று பள்ளித் தரப்பு கேட்டது. கட்டாயமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, அவள் தன் மதத்தோடும் பண்பாட்டோடும் அதை இணைத்துப் பார்க்கிறாள் என்றால் அதற்கும் பாதுகாப்பு உண்டு, பள்ளி கொஞ்சம் இடம் கொடுத்திருக்க வேண்டும் என்றார் தலைமை நீதிபதி லங்கா. அது பள்ளி வழக்கு, 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ் நடந்தது. ஆனால் 'விதி எல்லாருக்கும் ஒன்றுதான்' என்று சொல்லிவிட்டால் பாகுபாடு இல்லையென்று ஆகிவிடாது, சிரமமில்லாமல் இடம் கொடுக்க முடிந்தால் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வேலையிட வழக்குகளிலும் வலுப்பெற்றது.

அதனால்தான் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விடுப்பு, புரட்டாசியில் கேன்டீன் சாப்பாடு, கழுத்தில் தாலி, நெற்றியில் பொட்டு ஆகியவற்றைப் பற்றி யாராவது கேட்டால், "அதெல்லாம் நம்ம சொந்த விஷயம், கம்பெனிகிட்ட எப்படிக் கேக்கறது" என்று ஒதுங்க வேண்டாம் என்கிறேன். மத விடுப்பு என்று தனியாக எதையும் சட்டம் தரவில்லை. வருடாந்திர விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் காரணம் சொல்லாமல் மறுப்பதும், கேட்டதற்காகவே வேலையை விட்டு எடுப்பதும் வேறு. சனிக்கிழமை தன் மதப்படி ஓய்வுநாள், அன்று சரக்குக் கணக்கெடுப்புக்கு வர முடியாது என்ற ஒரு பெண்ணை வேலைநீக்கம் செய்த நிறுவனம் 2018-ல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. இயந்திரத்தின் பக்கத்தில் வேலை செய்கிறவர் தொங்கும் நகை போடக்கூடாது என்றால் அது வேறு கதை. அது உயிர் பாதுகாப்பு.

இங்கே ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். எல்லா வேறுபாடும் சட்டவிரோதம் அல்ல. அந்த வேலைக்கே தவிர்க்க முடியாத தகுதி என்றால் கேட்கலாம். லோட்டஸ் எஃப்எம் தமிழ் நிகழ்ச்சிக்குத் தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும் என்று சொன்னால் அது பாகுபாடு ஆகாது. நிறவெறிக் காலத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரும் நடவடிக்கையும் சட்டம் அனுமதிப்பதுதான். அந்தச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்ற சொல்லுக்குள் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் வருகிறார்கள். ஆகவே பல தலைமுறையாக இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் அதில் அடக்கம். திருமணமாகி 2006-ல் வந்த என்னைப் போன்றவர்கள் பொதுவாக அடங்கமாட்டோம். ஆனால் பாகுபாட்டிலிருந்து பாதுகாப்பு என்பது எனக்கும் அதே அளவு உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 'நமக்கு எதுவும் இல்லை' என்று சோர்ந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மொழியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழி அல்ல. ஆனால் அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவு, மதிக்கவும் வளர்க்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உச்சரிப்பைக் கிண்டல் செய்வதும், இடைவேளையில் இருவர் தமிழில் பேசினால் அதட்டுவதும் சாதாரணம் என்று நாம் பழகிவிட்டோம். பழகியிருக்க வேண்டியதில்லை.

நிரூபிக்க வேண்டியது யார் என்பதிலும் சட்டம் தொழிலாளி பக்கம் கொஞ்சம் சாய்கிறது. பட்டியலில் உள்ள காரணம் ஒன்றைச் சொல்லி நீங்கள் புகார் செய்தால், பாகுபாடு நடக்கவில்லை அல்லது அதற்குத் தக்க நியாயம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. பட்டியலில் இல்லாத காரணம் என்றால் மட்டும் அந்தச் சுமை உங்களுடையது.

பாலியல் தொல்லை

தொல்லை கொடுப்பதும் பாகுபாடுதான் என்று அதே 6-ஆவது பிரிவு சொல்கிறது. அது என்ன, எப்படிக் கையாள வேண்டும் என்பதை 2022 மார்ச் 18 முதல் நடைமுறையில் உள்ள நன்னடத்தை விதித்தொகுப்பு விரிவாகச் சொல்கிறது. தென்னாப்பிரிக்கா 2021-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டதைத் தொடர்ந்து வந்தது இது. பழைய தொகுப்பு பாலியல் தொல்லையை மட்டுமே பேசியது. இது இனவெறித் தொல்லை, மிரட்டல், இணையவழித் தொல்லை எல்லாவற்றையும் பேசுகிறது.

முதல் கேள்வி, அந்த நடத்தை விரும்பப்படாததா என்பது. "வேண்டாம்னு அவ சொல்லவே இல்லையே" என்பதுதான் நான் விசாரணைகளில் அதிகம் கேட்ட வாதம். வாயால் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அங்கிருந்து விலகிப் போவதும், பதில் அனுப்பாமல் இருப்பதும் மறுப்புதான். கிடங்கில் வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்கு இதைச் சொன்னபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பதில் போடாமல் இருந்ததைத் தன் கோழைத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். முன்பு ஒரு காலத்தில் சிரித்துப் பேசினாள், அவரோடு காபி குடித்தாள் என்பதெல்லாம் இன்றைய நடத்தைக்கு அனுமதி ஆகாது. 'நான் விளையாட்டாகத்தான் செய்தேன்' என்ற நோக்கமும் காப்பாற்றாது. பிடிக்கவில்லை என்று தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் அவர் இருந்தாரா, அது அவளை எப்படிப் பாதித்தது என்றுதான் பார்ப்பார்கள்.

தொடுவது மட்டுமல்ல. பேச்சு, உடம்பைப் பற்றிய கருத்து, சைகை, முறைத்துப் பார்ப்பது, படம் அனுப்புவது எல்லாம் இதில் வரும். 'இதைச் செய்தால் அதைத் தருகிறேன்' என்பதும், மறுத்ததற்காகப் பழிவாங்குவதும் தனித்தனியாகவே பேசப்படுகின்றன. ஓவர்டைம் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தது இரண்டாவது தவறு என்று நான் எண்ணியது அதனால்தான்.

ஒருமுறை நடந்தாலே போதுமா? போதும். ஒரு வழக்கு சொல்கிறேன். போட்ஸ்வானாவில் வேலைப் பயணம். இரவு உணவுக்குப் பிறகு ஓர் ஆண், இன்னொரு நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளம்பெண்ணிடம் பாலியல் நோக்கோடு பேசி, தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் மறுத்துவிட்டாள். தொடவில்லை. நிறுவனம் அவரை வேலைநீக்கம் செய்தது. கீழே இருந்த நீதிமன்றம் அவர் பக்கம் பேசினாலும், 2015-ல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேலைநீக்கம் நியாயமே என்று தீர்த்தது. காம்பெல் சயன்டிஃபிக் வழக்கு என்பார்கள். அலுவலகத்துக்கு வெளியே, வேலை நேரத்துக்குப் பின், வேறு நிறுவனத்துப் பெண், ஒரே ஒரு முறை. பெரும்பாலான ஆண்கள் தப்பிக்க நினைக்கும் நான்கு வாசல்களும் அந்த ஒரு தீர்ப்பில் மூடப்பட்டன. 2021-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவரிடம் தவறாக நடந்ததற்காக வேலையிழந்த மூத்த மருத்துவர் ஒருவருக்குக் கிடைத்திருந்த நஷ்டஈட்டை ரத்து செய்தது. அதிகாரம் உள்ளவர், அதிகாரம் இல்லாதவரிடம் செய்வது கூடுதல் கனமுள்ளது.

வேலையிடம் என்பதும் நான்கு சுவர் அல்ல. கம்பெனி வண்டி, பயிற்சி வகுப்பு, ஆண்டு இறுதி விருந்து, வீட்டிலிருந்து கணினியில் பார்க்கும் வேலை, வேலை சம்பந்தமான வாட்ஸ்அப் எல்லாம் அதில் சேரும். செய்கிறவர் சக ஊழியராக இருக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர், சப்ளையர், கான்ட்ராக்டர் யாராகவும் இருக்கலாம். பாதிக்கப்பட்டவர் ஆணாகவும் இருக்கலாம். ஆண்கள் இதை வெளியே சொல்வது இன்னும் கடினம், அவர்களுக்கும் இதே வழிதான் என்று தெரியட்டும்.

சொல்வது எப்படி

வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. ஓர் ஊழியர் தவறு செய்தார் என்று முதலாளிக்கு உடனே தெரியப்படுத்த வேண்டும். தெரிந்ததும் முதலாளி சம்பந்தப்பட்ட எல்லாரோடும் பேசி, அந்த நடத்தையை ஒழிக்கத் தேவையானதைச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், அந்தத் தவறை முதலாளியே செய்ததாகச் சட்டம் கருதும். தன்னால் நியாயமாக முடிந்த எல்லாவற்றையும் செய்தேன் என்று நிரூபித்தால்தான் அவர் தப்ப முடியும்.

'உடனே' என்றால் அதே மணித்துளியில் என்று நீதிமன்றங்கள் பொருள் கொள்ளவில்லை, நியாயமான காலத்துக்குள் என்றுதான். ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். இதை நான் என் கதையை வைத்தே சொல்கிறேன். 2009-ல் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர், கணக்குப் பார்க்கும் சாக்கில் நாற்காலிக்குப் பின்னால் வந்து தோளில் கை வைப்பார். ஊருக்குப் புதிது, விசா கவலை, வீட்டில் சொன்னால் வேலைக்கே போகாதே என்பார்களோ என்ற பயம். மூன்று மாதம் பொறுத்துவிட்டு ராஜினாமா செய்தேன். பயணம் ரொம்ப தூரம் என்று வீட்டில் காரணம் சொன்னேன். யாரிடமும் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. நான் போன பிறகு அந்த நாற்காலியில் இன்னொரு பெண் உட்கார்ந்தாள். அவளைப் பற்றித்தான் இன்றுவரை நினைக்கிறேன். எனக்கு நேர்ந்ததற்கு நான் பொறுப்பல்ல என்று இப்போது தெரியும். ஆனால் சொல்வதற்கு ஓர் இடம் இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவே தெரியாது. அதனால்தான் இதை விடாமல் பேசுகிறேன்.

சொல்வதென்றால் எழுத்தில் சொல்லுங்கள். மின்னஞ்சல் போதும். எந்த நாள், எந்த நேரம், எங்கே, என்ன சொன்னார் அல்லது செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார். கோபமும் விளக்கமும் வேண்டாம், நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள். "இது பாலியல் தொல்லை, வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 60-ஆவது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கக் கேட்கிறேன்" என்று ஒரு வரி கடைசியில் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரிகிற மாதிரி, அலுவலகத்துக்குச் சொந்தமில்லாத ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். காயமோ மன உளைச்சலோ இருந்தால் மருத்துவரிடம் போய் எழுதி வாங்குங்கள். பாலசுந்தரத்துக்கு 1894-ல் முதலில் செய்த காரியமும் அதுதான்.

எச்.ஆர். பிரிவு உள்ள இடத்தில் அவர்கள் இரண்டு வழிகளை விளக்க வேண்டும். ஒன்று, முறைசாரா வழி: அவரிடம் பேசி நிறுத்த வைப்பது. இன்னொன்று, முறையான புகாரும் விசாரணையும். எது வேண்டும் என்பதில் உங்கள் விருப்பத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் விஷயம் கடுமையானதாக இருந்தால் நீங்கள் வேண்டாம் என்றாலும் நிறுவனம் தானே நடவடிக்கை எடுக்கலாம். ரகசியம் காக்க வேண்டியதும் அவர்கள் கடமை.

அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் சிசிஎம்ஏ. சமரசம், மத்தியஸ்தம், நடுவர் தீர்ப்பு ஆகியவற்றுக்கான ஆணையம் அது. பணம் கட்ட வேண்டியதில்லை. எல்ஆர்ஏ 7.11 என்ற படிவத்தை நிரப்பி, ஒரு பிரதியை முதலாளிக்கு அனுப்பி, அனுப்பியதற்கான சான்றோடு ஆணையத்தில் கொடுக்க வேண்டும். சமரசக் கூட்டத்தில் வழக்கறிஞர்கள் வர முடியாது, தொழிற்சங்கத்தார் உங்களோடு வரலாம். எதிர்த்தரப்பும் பெரிய வக்கீலைக் கூட்டிவர முடியாது என்பது ஏழைத் தொழிலாளிக்குப் பெரிய ஆறுதல். சமரசம் ஆகாவிட்டால், பாலியல் தொல்லைப் புகாரை உங்கள் சம்பளம் எவ்வளவு ஆனாலும் சிசிஎம்ஏ நடுவரிடமே கொண்டுபோகலாம், தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போகலாம். நஷ்டஈடு, இழப்பீடு, இனி நடக்காமலிருக்க நிறுவனம் எடுக்க வேண்டிய நடவடிக்கைகள் ஆகியவற்றுக்கு உத்தரவிட முடியும்.

இரண்டு காலக் கெடுவை மனதில் வையுங்கள். பாகுபாடு, தொல்லை என்றால் நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். வேலைநீக்கம் என்றால் 30 நாள் மட்டுமே. தாங்க முடியாமல் நீங்களே ராஜினாமா செய்து, அதற்கு முதலாளிதான் காரணம் என்று வாதிடுவதும் இந்த 30 நாள் கணக்கில்தான் வரும். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். கோபத்தில் ராஜினாமா எழுதுவதற்கு முன் ஒருமுறை யாரையாவது கேளுங்கள். கர்ப்பத்துக்காகவோ பாகுபாட்டாலோ வேலைநீக்கம் செய்தது நிரூபணமானால், 24 மாதச் சம்பளம் வரை நஷ்டஈடாகக் கிடைக்க வாய்ப்புண்டு. மற்ற வேலைநீக்கங்களில் உச்சவரம்பு 12 மாதம்.

இவை தவிர, யாராவது தொடர்ந்து பின்தொடர்ந்தால், செய்தி அனுப்பித் துன்புறுத்தினால், 2013 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. உடம்பின் மீது கை வைத்தால் அது காவல் நிலையத்துக்கும் போகவேண்டிய குற்றம். வேலையிட விசாரணை அதற்கு மாற்று அல்ல, இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம்.

விசா விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சமையல், கோயில், கடை வேலைக்கு வருகிறவர்களிடம் "உன் பேப்பர் சரியில்ல, நீ எங்கே போய்ச் சொல்வே?" என்று மிரட்டுவதைக் கேட்டிருக்கிறேன். வேலை அனுமதி செல்லாத நிலையிலும் அந்த நபர் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி ஊழியரே, சிசிஎம்ஏ அவர் வழக்கைக் கேட்கலாம் என்று 2008-லேயே தொழிலாளர் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. விசாச் சிக்கல் தனியாக இருக்கும், அதற்குத் தனி ஆலோசனை வேண்டும். ஆனால் அந்த மிரட்டல் உங்கள் வாயை அடைக்கும் பூட்டு அல்ல.

கடைசியாக நம் வீட்டுக்குள் வருவோம். பாகுபாட்டுத் தடை பெரிய கம்பெனிக்கு மட்டுமல்ல, ஒரே ஓர் ஆளை வேலைக்கு வைத்திருப்பவருக்கும் உண்டு. நம் வீட்டில் துணி துவைக்க, தோட்டம் பார்க்க வரும் ஜூலு அக்காவுக்கும் அண்ணனுக்கும் நாம்தான் முதலாளி. கறுப்பின மக்களைப் பற்றி நம்மவர்கள் வீட்டில் புழங்கும் சில சொற்களை அவர்கள் முன்னால் சொன்னாலோ, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எழுதினாலோ அது இனவெறித் தொல்லை. தோட்டத்து முதலாளியிடம் பல்லை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அடுத்தவரிடம் அந்த முதலாளியாக நடந்துகொள்வதை என்னால் ஏற்கவே முடியாது.

அந்தப் பெண் அன்று வகுப்பறையிலேயே உட்கார்ந்து மின்னஞ்சலை எழுதினாள். அரைப் பக்கம்தான் வந்தது. தங்கை கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் எச்.ஆருக்கு அனுப்பினாள். புதன்கிழமை எழுத்தில் பதில் வந்தது. விசாரணை முடியும்வரை சூப்பர்வைசரை வேறு ஷிஃப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஓவர்டைம் பட்டியலில் அவள் பெயர் இன்னும் வரவில்லை. அதையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மார்ச் 14-லிருந்து ஆறு மாதம், அதாவது புரட்டாசி பிறப்பதற்கு முன், செப்டம்பர் 14. வகுப்பறையில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.